நடை வேகத்தில் ஒரு கால எந்திரம்

மணிக்கு 88 மைல், அதாவது ஏறத்தாழ 142 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டவுடன் காலத்தைத் தாண்டிப் பாய்ந்துவிடும் காரை 1985ஆம் ஆண்டு ‘பேக் டு தி ஃபியூச்சர்’ படத்தில் உலகம் பார்த்தது. அந்தக் காரின் பிரதிகளைச் சீரமைத்து விழாக்களுக்கு வாடகைக்கு விடுவது வெளிநாடுகளில் ஒரு தொழிலாகவே நடக்கிறது. அப்படியொரு பிரதியைக் காரைக்குடியில் ஒரு மாப்பிள்ளை அழைப்புக்குக் கொண்டுவந்தால், அதற்கு வரும் சோதனை 142 கிலோமீட்டர் வேகம் அல்ல. நாதசுவரத்துக்குப் பின்னால் மணிக்கு இரண்டு, மூன்று கிலோமீட்டரில் ஊர்வதுதான். காரின் பொறியியலைப் பொறுத்தவரை, பாய்வதைவிட ஊர்வது கடினம்.

படத்தில் வந்தது டெலோரியன் டிஎம்சி-12. வட அயர்லாந்தில் பெல்ஃபாஸ்டை ஒட்டிய டன்மரியில் 1981 முதல் தயாரான இந்தக் கார், நிறுவனம் நொடித்துப்போனதால் ஏறத்தாழ 9,000 என்ற எண்ணிக்கையோடு நின்றுவிட்டது. அதன் வெளித்தகடு 304 ரகத் துருப்பிடிக்கா எஃகு. ஏறத்தாழ 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் சேர்ந்த இதே கலவையில்தான், செட்டிநாட்டுக் கல்யாணத்தில் சாமான் பரப்பும்போது வரிசையாக அடுக்கப்படும் எவர்சில்வரின் உயர்ந்த ரகமும் செய்யப்படுகிறது. குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்லிய படலமாகி இரும்பைக் காக்கிறது. கீறல் விழுந்தாலும் படலம் தானே மீண்டும் உருவாவதால் பெயின்ட் தேவையில்லை. சீரமைப்பவர்கள் தகட்டில் ஏற்கெனவே ஓடும் தேய்ப்புக் கோடுகளின் திசையிலேயே தேய்த்துக் கீறலை மறைக்கிறார்கள். குறுக்கே தேய்த்தால் அந்த இடம் மட்டும் வெயிலில் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் அடிச்சட்டம் பூச்சிட்ட சாதாரண எஃகுதான். ஆகவே இப்படியொரு காரை வாங்குகிறவர் பளபளப்பில் மயங்காமல் அடியில் படுத்துப் பார்ப்பது நல்லது.

ஊர்வலத்துக்கு வருவோம். எஞ்சின் மிகக் குறைந்த வேகத்தில் சுழன்றாலும் நிமிடத்துக்கு 800 சுற்று வேண்டும். அதற்குக் கீழே போனால் நின்றுவிடும். முதல் கியரில் எஞ்சின் பன்னிரண்டு முறை சுழன்றால் சக்கரம் ஒரு முறை சுழலும் என்றும் டயரின் சுற்றளவு 2 மீட்டர் என்றும் கொண்டால், சக்கரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 67 முறை சுழன்று, கார் மணிக்கு 8 கிலோமீட்டர் போகும். தவில்காரர் அந்த வேகத்தில் நடக்கமாட்டார். எனவே ஓட்டுநர், எஞ்சினைச் சக்கரங்களோடு இணைத்துப் பிரிக்கும் தட்டுகளான கிளட்சைப் பாதி அழுத்தியபடியே நழுவவிட வேண்டியிருக்கிறது. நழுவும் தட்டுகளுக்கு இடையிலான வேக வேறுபாடு முழுவதும் உராய்வு வெப்பமாக மாறி, ஒரு தெரு கடப்பதற்குள் கருகல் வாடை வந்துவிடும். முன்னே நல்ல இடைவெளி விழும்வரை நின்று, பிறகு கிளட்சை முழுமையாக விட்டுச் சிறிது தூரம் போய் மறுபடி நிற்பதே கிளட்சுக்குப் பாதுகாப்பு. தானியங்கி கியர் பெட்டியில் இந்த வேலையை எண்ணெய் ஏற்றுக்கொள்கிறது. அதிலும் வெப்பம் உண்டு, ஆனால் தேய்ந்துபோக உராய்வுத் தட்டு அங்கே இல்லை. டெலோரியன் இரு வகைகளிலும் வந்தது. சுழியம் வேகத்திலேயே முழு முறுக்குவிசை, அதாவது சக்கரத்தைச் சுழற்றும் விசை, தரும் மின்மோட்டாரை வைத்துக் கட்டிய பிரதியானால் இந்தச் சிக்கலே எழாது.

அடுத்தது சூடு. டெலோரியனில் எஞ்சின் பின்னால், ரேடியேட்டர் முன்னால். குளிர்நீர் காரின் நீளம் முழுவதும் குழாயில் போய்வர வேண்டும். சாலையில் ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும். ஊர்வலத்தில் எதிர்க்காற்று கிடையாது. வைகாசி மாதத்துச் செட்டிநாட்டு வெயிலில் மின்விசிறி இழுப்பதும் சூடான காற்றுதான். ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைத் தேக்கி வைப்பதால், வெளியே 100 டிகிரியில் கொதிக்கும் நீர், ஒரு வளிமண்டல அளவு கூடுதல் அழுத்தத்தில் 120 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் அந்த அழுத்தம் ஒரே நொடியில் போய், நீர் முழுவதும் கொதித்து முகத்தில் பீறிடும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அந்த விசிறிக்கு வேண்டிய மின்சாரத்தோடு போட்டியிடுவது அலங்கார விளக்கு. 5 வாட் குண்டு பல்பு அறுபது எரிந்தால் 300 வாட்; 12 வோல்ட்டில் அது 25 ஆம்பியர். எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது, அதன் சுழற்சியில் மின்சாரம் எடுக்கும் ஆல்டர்னேட்டர் தன் முழுத் திறனைத் தராது. பற்றாக்குறை பேட்டரியிலிருந்து போகும். அறுபதையும் ஒரு வாட் எல்இடியாக மாற்றினால் 5 ஆம்பியரில் வேலை முடிகிறது. எனினும் அலங்காரத்துக்குத் தனி பேட்டரி வைப்பதே தேர்ந்த வழக்கம்.

கால எந்திரத்தின் மையமான ஒய் வடிவப் பெட்டியில் ஒளி மூன்று கைகளிலும் ஓடிவந்து நடுவில் கூடுவதுபோலத் தெரியும். உண்மையில் எந்த ஒளியும் நகர்வதில்லை. அடுத்தடுத்த விளக்குகள் முறையாக அணைந்து எரிவதை மூளை ஓட்டமாக வாசிக்கிறது. திருவிழாவில் ஓடும் சீரியல் செட்டிலும் இதே உத்திதான். 555 என்ற நேரங்காட்டிச் சில்லும், வெளியீடுகளை ஒவ்வொன்றாக எரியவிடும் 4017 என்ற எண்ணிச் சில்லும் இருந்தால் பள்ளி மாணவரே இதைச் செய்துவிடலாம். ஒளியைக் குறைக்க எல்இடியை நொடிக்குச் சில நூறு முறை அணைத்து எரியவிடுவார்கள். கண்ணுக்குத் தெரியாத இந்தத் துடிப்பு, காட்சியை வரிவரியாகப் படிக்கும் செல்பேசிக் கேமராவில் கறுப்புப் பட்டைகளாக விழும். துடிப்பைச் சில ஆயிரமாக உயர்த்தினால் கல்யாண வீடியோ தப்பும்.

மேல்நோக்கித் திறக்கும் கதவைத் தூக்குவது, திரவ நைட்ரஜனில் குளிர்வித்து முறுக்கப்பட்ட எஃகுத் தண்டு. துணைக்கு வாயு நிரம்பிய உந்துதண்டும் உண்டு. அந்த வாயுவின் அழுத்தம் வெப்பநிலையோடு கூடுவதால், 20 டிகிரியில் இருப்பதைவிட 40 டிகிரியில் தள்ளும் விசை சுமார் 7 விழுக்காடு அதிகம். பழைய உந்துதண்டு மார்கழி விடியலில்தான் கதவைக் கைவிடும்.

ஊர்வலம் முடிந்ததும் எஞ்சினை உடனே அணைத்தால் நீரோட்டம் நின்று, உலோகத்தில் தேங்கிய வெப்பம் நீரை மேலும் சூடாக்கும். ஆகவே விளக்குகளை அணைத்துவிட்டு, விசிறி ஓட, சில நிமிடங்கள் எஞ்சினைச் சும்மா ஓடவிட வேண்டும். அதற்கு முன்பே பேட்டரி தீர்ந்து எஞ்சினும் நின்றுபோனால், கல்யாண வீட்டில் தள்ளுவதற்கு ஆள் பஞ்சமில்லை. ஆனால் தானியங்கி கியர் பெட்டியில், எண்ணெய் அழுத்தத்தைத் தரும் பம்பைச் சுற்றுவதே எஞ்சின்தான்; அந்த அழுத்தம் இல்லாமல் சக்கரத்தின் சுழற்சி எஞ்சினைச் சேராது என்பதால், அந்த வகைக் காரை எத்தனை பேர் தள்ளினாலும் கிளப்ப முடியாது.