அமுக்கவுணர் பூச்சு

காற்றை வீசவிட்டு விமானம் போன்றவற்றின் மாதிரியைச் சோதிக்கும் காற்றுச் சுரங்கத்தில், அம்மாதிரியின் மேற்பரப்பில் எந்த இடத்தில் எவ்வளவு வளியமுக்கம் என்பதை ஒளியின் ஏற்றத்தாழ்வாகக் காட்டும் மெல்லிய படலம். 'பிரெஷர் சென்சிற்றிவ் பெயின்ற்' என்பதன் தமிழ், சுருக்கம் பி.எஸ்.பி.

அமுக்கு என்ற வினையிலிருந்து அமுக்கம். வளிமண்டல அமுக்கம், குருதி அமுக்கம் என்று இலங்கையில் எங்கள் பாடநூல்களில் ஊன்றிவிட்ட சொல். தமிழகத்தில் அழுத்தம் என்பர், அதுவும் சரியே. ஆனால் 'அழுத்த உணர்திறன் வண்ணப்பூச்சு' வேண்டாம். உணர்திறன் ஒரு பண்பின் பெயர், பொருளின் பெயரல்ல. வண்ணமும் இங்கே மாறுவதில்லை, பிரகாசம்தான் மாறுகிறது. யாழ்ப்பாணத்துக் கராச்சில் கார்க்கதவுக்கு அடிப்பதுபோல ஸ்பிறே துவக்கால் அடிப்பதுதான் என்றாலும், பெயின்ற் என்பதைவிடப் பூச்சு பொருந்தும்.

உண்மையில் மூலப்பெயரே சற்று ஏமாற்றுகிறது. விரலால் அமுக்கிப் பார்த்தால் பூச்சில் ஒன்றும் தெரியாது. அது உணர்வது ஒட்சிசனை. ஒட்சிசன் ஊடுருவக்கூடிய பல்பகுதியத்தில் (பொலிமர்) பிளாற்றினம் போர்பிரின் போன்ற ஒளிர்பொருளைக் கலந்திருப்பார்கள். ஏறத்தாழ 400 நனோமீற்றர் ஒளி பட்டால் அது 650 நனோமீற்றர் அளவில் சிவப்பாய் ஒளிரும். ஒட்சிசன் மூலக்கூறு மோதினால் அச்சக்தி ஒளியாகாமல் பறிபோகும்; இதற்கு ஒளிர்வுத் தணிப்பு என்று பெயர். வளியில் ஒட்சிசனின் பங்கு மாறாமல் ஏறத்தாழ 21 சதவீதமாகவே இருப்பதால், அமுக்கம் கூடிய இடம் மங்கும், குறைந்த இடம் பளிச்சிடும். தூய நைதரசன் ஓடும் சுரங்கத்தில் சிறிது ஒட்சிசன் கலக்காவிட்டால் பூச்சு எதையும் சொல்லாது.

இம்முறை 1980களில் சோவியத் ஒன்றியத்தின் ற்சாகி என்ற வானூர்தி ஆய்வு நிலையத்திலும் அமெரிக்காவின் வாஷிங்ரன் பல்கலைக்கழகத்திலும் தனித்தனியே வளர்ந்தது. அதுவரை மேற்பரப்பில் நுண்துளைகள் இட்டு, குழாய் மாட்டித்தான் அளந்தார்கள். துளை இருந்த இடத்துக்கு மட்டுமே விடை கிடைத்தது.

செய்முறையில் கை எண்ணெய் படாத பரப்பு வேண்டும். முதலில் வெள்ளை அடிப்பூச்சு, மேலே ஒளிர்படலம். மொத்தத் தடிப்பு சில பத்து மைக்கிரோமீற்றர். சொரசொரப்பானால் காற்றோட்டமே மாறிவிடும். காற்று வீசாதபோது ஒரு படம், வீசும்போது ஒரு படம் எடுத்து, புள்ளிக்குப் புள்ளி விகிதம் காண வேண்டும். பூச்சின் தடிப்பும் விளக்கொளியும் இடத்துக்கிடம் வேறுபடுவதை இவ்விகிதமே நீக்குகிறது. காற்று வீசும்போது மாதிரி சற்று வளையும். அதனால் படங்களைப் பொருத்தக் கறுப்புப் புள்ளிகள் இட்டிருப்பார்கள்.

பெரிய தலையிடி வெப்பம். 1 பாகை செல்சியசுக்கே பல பூச்சுகளின் ஒளிர்வு 1 சதவீத அளவில் மாறும். செக்கனுக்கு 30 மீற்றர் வேகத்தில் இயக்க அமுக்கம், அதாவது காற்றின் ஓட்டத்தால் வரும் அமுக்கம், ஏறத்தாழ 540 பஸ்கால், இது வளிமண்டல அமுக்கத்தில் ஏறத்தாழ அரைச் சதவீதம். தேடும் அளவைவிடப் பிழை பெரிதாகிவிடும். அதனால்தான் ஒலியின் வேகத்தை நெருங்கும் ஓட்டங்களில் இப்பூச்சு எளிதாக வேலைசெய்கிறது, மெதுவான ஓட்டங்களில் படுத்துகிறது. காற்றை நிறுத்திய கையோடு, மாதிரி வெப்பநிலை மாறுமுன் ஒப்பீட்டுப் படம் எடுப்பது ஓரளவு கைகொடுக்கும்.

வெப்பவுணர் பூச்சு வேறு. அதில் ஒட்சிசன் ஊடுருவாத பல்பகுதியம் இருக்கும். வெப்பநிலையை மட்டும் காட்டும். மேற்சொன்ன பிழையைத் திருத்த இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவதுண்டு.