குழந்தையின் கழுத்தில் கை வைப்பவர் என்ன படித்திருக்கிறார்?

ஓசூரிலும் பெங்களூரிலும் வேலை பார்த்துவிட்டுப் பேறுகாலத்துக்குத் தர்மபுரிப் பக்கம் தாய்வீடு வரும் பெண்கள் சிலர், கைக்குழந்தையோடு கைப்பேசியில் ஒரு காணொளியையும் கொண்டு வருகிறார்கள். வெளிநாட்டுக் கைரோபிராக்டர் ஒருவர் பச்சிளங்குழந்தையின் முதுகை விரலால் அழுத்துகிறார், கழுத்தைத் திருப்புகிறார், அழுகை நிற்கிறது. இதை இங்கே யார் செய்வார்கள் என்று கேட்கிறார்கள். நான் குழந்தைகளுக்கான பிசியோதெரபிஸ்ட். செய்பவர் குழந்தைகளைப் பற்றி என்ன படித்திருக்கிறார் என்று முதலில் விசாரியுங்கள் என்பதுதான் என் பதில்.

கைரோபிராக்டிக் 1895இல் அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில் டி. டி. பாமர் தொடங்கிய முறை. முதுகெலும்பு மூட்டுகளைக் கையால் அசைத்துச் சரிசெய்வது அதன் மையம். புதிதாகச் சேர்ந்து முழுமையாகப் படிப்பவருக்குக் குறைந்தது 4,200 மணி நேரப் பயிற்சி வேண்டும், அதில் 1,000 மணி நேரமாவது மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்த்திருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2005இல் வழிகாட்டியது. இது அடிப்படைப் படிப்புக்கு மட்டுமே. குழந்தைகளைத் தொட அதற்கு மேலும் படிக்க வேண்டும் என்பது அந்தத் துறையில் இருப்பவர்களே ஏற்றுக்கொண்ட விஷயம். பல்கலைக்கழக முதுநிலைப் படிப்பும் உண்டு, வார இறுதி வகுப்புகளைச் சேர்த்துச் சான்றிதழ் தருவதும் உண்டு. கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிவிட்டால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. இந்தியாவில் கைரோபிராக்டர்களைப் பதிவு செய்யத் தனிக் கவுன்சில் கிடையாது. எனவே இங்கே ஒரு பெயர்ப்பலகையைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது.

கவுன்சில் உள்ள நாட்டிலும் இது தீர்ந்த விவகாரம் அல்ல. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், இரண்டு வாரக் குழந்தையைத் தலைகீழாகத் தூக்கிப் பிடித்துச் சிகிச்சை செய்த காணொளி 2019இல் பெரும் சர்ச்சையானது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முதுகெலும்பை அசைக்கும் சிகிச்சை வேண்டாம் என்று அந்நாட்டுக் கைரோபிராக்டிக் வாரியம் அறிவித்தது. அரசு நடத்திய ஆய்வில் பெரிய தீங்குக்கும் ஆதாரம் அதிகம் கிடைக்கவில்லை, பலன் இருப்பதற்கும் உருப்படியான ஆதாரம் கிடைக்கவில்லை. பிறகு தளர்த்தப்பட்ட தடை 2024இல் திரும்பவும் வந்தது.

பிசியோதெரபியில் பட்டம் முடித்தபின் குழந்தைகள் நலத்துக்கான முதுநிலைப் படிப்பு இரண்டு ஆண்டுகள். புதுப்புதுக் கைவித்தை கற்றுத் தருவார்கள் என்று எண்ணித்தான் பலரும் சேர்கிறோம். பெரும்பகுதி நேரம் பார்ப்பதிலும் கேட்பதிலும் போகிறது. பிறந்த குழந்தையின் பெரும்பாலான முள்ளெலும்புகள் ஒவ்வொன்றும் குருத்தெலும்பால் இணைந்த மூன்று துண்டுகளாகத்தான் இருக்கும்; அவை ஒன்றாகச் சேரச் சில ஆண்டுகள் ஆகும். தலையோ உடல் நீளத்தில் கால் பங்கு. அந்தப் பாரத்தைத் தாங்கும் கழுத்துத் தசையும் தசைநாரும் இன்னும் தளர்வானவை. பெரியவர்களுக்குச் செய்வதைக் கொஞ்சம் மெதுவாகச் செய்தால் குழந்தை வைத்தியம் ஆகிவிடும் என்று நினைப்பவர் இதைப் படித்திருக்க மாட்டார்.

பாலக்கோடு பக்கமிருந்து இரண்டு மாதக் குழந்தையை எடுத்து வந்தார்கள். தலை வலப்பக்கம் சாய்ந்திருந்தது, முகவாய் இடப்பக்கம் திரும்பியிருந்தது. உரம் விழுந்திருக்கிறது, அதாவது சுளுக்கிக்கொண்டது என்று பாட்டி ஏற்கெனவே முடிவு கட்டிவிட்டார்; புடவையில் போட்டு இரண்டு முறை உருட்டியும் ஆயிற்று. ஒரு பக்க மார்பில்தான் பால் குடிக்கிறான் என்று தாய் சொன்னதும் எனக்குப் பாதி புரிந்தது. காதுக்குப் பின்னாலிருந்து காறையெலும்புக்கு இறங்கும் தசையைத் தடவினால் புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி. தசை இறுகியதால் வந்த கழுத்துச் சாய்வு இது. ஆனால் அத்தோடு எழுதி முடித்துவிடக் கூடாது. முள்ளெலும்புக் குறை, கண் தசைக் கோளாறு, அரிதாக மூளைக்கட்டி ஆகியவற்றாலும் தலை சாயும். இந்தச் சாய்வுள்ள குழந்தைகள் சிலருக்கு இடுப்பு மூட்டு சரியாக அமைந்திருக்காது. அதனால் கண்ணையும் இடுப்பையும் பார்த்தோம், குழந்தை மருத்துவரிடமும் காட்டினோம். சிகிச்சை என்று பார்த்தால் சாதாரணமானதுதான்: தசையை மெல்ல நீட்டிவிடுவது, விழித்திருக்கும்போது தூளியிலிருந்து எடுத்துப் பாயில் குப்புறப் போட்டு விளையாட்டுக் காட்டுவது, அவன் திரும்ப மறுக்கும் பக்கம் வெளிச்சம் இருக்கும்படி படுக்க வைப்பது. மூன்று மாதத்துக்குள் தொடங்கிவிட்டால் பெரும்பாலான குழந்தைகளுக்கு முழுதாகச் சரியாகிவிடும். எங்கும் ‘கிளிக்’ சத்தம் கேட்காது. (அந்தச் சத்தமும் எலும்பு இடத்தில் விழும் சத்தம் அல்ல, மூட்டுத் திரவத்தில் வாயுக்குமிழ் உண்டாகும் சத்தம்.)

பாட்டிமார்கள்மேல் எனக்குக் கோபமில்லை. அழுகிற குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு யாரால் சும்மா இருக்க முடியும்? காரணமின்றி வரும் அழுகை ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தானே அடங்கும். அந்த நேரத்தில் உரம் எடுத்தவருக்கும் பெயர் கிடைக்கும், கைரோபிராக்டருக்கும் கிடைக்கும், எனக்கும் கிடைக்கும்! ஆனால் காய்ச்சல், பச்சை நிற வாந்தி, மலத்தில் இரத்தம், பால் குடிக்க மறுப்பு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் எங்கள் யாரிடமும் வராமல் நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

கழுத்தைத் திருப்பவே கூடாத குழந்தைகளும் உண்டு. டவுன் சிண்ட்ரோம் உள்ள சில குழந்தைகளுக்கு முதல் இரண்டு கழுத்தெலும்புகளின் பிணைப்பு தளர்ந்திருக்கும். ஒரு வெடுக்கென்ற திருப்பல் தண்டுவடத்தையே நசுக்கிவிடலாம். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை முதுகு வலிக்கிறது என்றால் அதைச் சுளுக்கு என்று எண்ணி எண்ணெய் போட்டு வழிக்கவும் கூடாது. எலும்புக் காசநோய், முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டில் வரும் தொற்று, சில நேரம் இரத்தப் புற்றுநோய் கூட முதலில் முதுகுவலியாகத்தான் தலைகாட்டும்.

ஆகவே யாரிடம் போனாலும் தயங்காமல் கேளுங்கள். அடிப்படைப் படிப்பு எது, குழந்தைகளுக்கென்று எத்தனை காலம் படித்தார், யார் மேற்பார்வையில், எந்த மருத்துவமனையில். என்ன பார்த்தால் கை வைக்காமல் மருத்துவரிடம் அனுப்புவார் என்றும் கேட்டுவிடுங்கள். படித்தவர் இதற்குச் சட்டென்று நாலைந்து அறிகுறிகளைச் சொல்லிவிடுவார். எல்லாவற்றையும் நானே சரிசெய்துவிடுவேன் என்பவரிடமிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடலாம்.

காசு செலவழிக்காமல் பார்க்கவும் வழி இருக்கிறது. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும்; பிறவிக் குறைகளையும் வளர்ச்சித் தாமதத்தையும் பார்த்து, அவற்றுக்குச் சிறுவயதிலேயே சிகிச்சை தரும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பும். குழு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நான்கு மாதமாகியும் தலை நிற்கவில்லை, ஒரு பக்கக் கையை மட்டுமே அசைக்கிறது, ஒன்றரை வயதிலும் நடக்கவில்லை என்றால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் நீங்களே காட்டலாம். போகும்போது பிரசவ டிஸ்சார்ஜ் தாளை எடுத்துப் போங்கள். பிறந்ததும் அழுததா, எடை எவ்வளவு, கால் முன்னே வந்ததா என்பதைத்தான் முதலில் கேட்பார்கள்.