பெரா டெஸ்ட்: மறுமொழியா, துலங்கலா?

குழந்தைக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று சந்தேகம் வந்து டாக்டரிடம் போனால், ‘பெரா எடுத்துட்டு வாங்க’ என்பார். பெரா ஒரு சொல்லே இல்லை. பிரெயின்ஸ்டெம் இவோக்ட் ரெஸ்பான்ஸ் ஆடியோமெட்ரி என்ற நான்கு சொற்களின் முதலெழுத்துகள். அமெரிக்காவில் இதையே ஏபிஆர் (ஆடிட்டரி பிரெயின்ஸ்டெம் ரெஸ்பான்ஸ்) என்பார்கள். இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? ஒவ்வொரு சொல்லாகப் பார்ப்போம்.

ஆடியோமெட்ரி ஓர் ஒட்டுச்சொல்: கேட்பதைக் குறிக்கும் பாதி லத்தீன், அளவைக் குறிக்கும் பாதி கிரேக்கம். தமிழில் செவித்திறன் அளவீடு. (குறளில் ‘கேள்வி’ என்றால் கேட்டல்தான், ஆனால் இன்று ‘கேள்வி அளவீடு’ என்று எழுதினால் பரீட்சை என்று நினைத்துக்கொள்வார்கள்.) பிரெயின்ஸ்டெம், மூளைத்தண்டு. இவோக் என்பதற்கு லத்தீனில் ‘வெளியே அழை’ என்று பொருள், நமக்குத் தூண்டு.

சிக்கல் ரெஸ்பான்ஸில்தான். மறுமொழி என்று எழுதிவிடுகிறார்கள். ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொல்லும் சாதாரண டெஸ்டுக்கு அது சரி, அங்கே ஆள் பதில் சொல்கிறார். ஆறு மாதக் குழந்தை என்ன பதில் சொல்லும்? அதைத் தூங்கவைத்து, நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் மின்முனைகளை ஒட்டி, காதில் ‘க்ளிக்’ ஒலி கொடுக்கிறார்கள். 10 மில்லிசெகண்டுக்குள் செவி நரம்பிலும் மூளைத்தண்டிலும் வரிசையாகச் சிற்றலைகள் எழும். 1971இல் ஜூவெட், வில்லிஸ்டன் என்ற ஆய்வாளர்கள் இவற்றை விவரித்து ரோமன் எண் கொடுத்தார்கள். ஒலியைக் குறைத்துக்கொண்டே போனால் கடைசிவரை தாக்குப்பிடிப்பது ஐந்தாம் அலை. அது தெரிகிற மிகக் குறைந்த ஒலி அளவைத்தான் ரிப்போர்ட்டில் திரெஷோல்டு என்று எழுதுகிறார்கள்.

ஆனால் அந்த அலை ஒரு மைக்ரோவோல்ட்கூட இருக்காது, மூளையின் வழக்கமான மின் இரைச்சலோ அதைப்போலப் பல மடங்கு. அதனால் ஆயிரம், இரண்டாயிரம் தடவை க்ளிக் கொடுத்துச் சராசரி எடுக்கிறார்கள். ஒலியோடு சம்பந்தமில்லாதது ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்கிப்போக, ஒலிக்காக எழுந்தது மட்டும் மெல்லத் துலங்கி வருகிறது.

துலங்கி என்று தெரிந்துதான் எழுதினேன். உளவியல் பாடநூல்களில் தூண்டலுக்கு ஜோடி துலங்கல். துலங்குதல் என்றால் விளக்கமாகத் தெரிவது. துப்பு துலங்கியது என்கிறோமே, பாத்திரம் துலக்குகிறோமே, அதே வேர். இந்த டெஸ்டில் நடப்பதும் அதுதான், மறுமொழியில் அது வராது. தூண்டாமல் துலங்கல் ஏது, ஆகவே ‘தூண்டிய’ என்ற அடைமொழியும் வேண்டாம். மூளைத்தண்டுத் துலங்கல்வழிச் செவித்திறன் அளவீடு என்று வைத்துக்கொள்ளலாம். நீளம்தான், பேச்சில் பெரா இருக்கட்டும்.

அப்புறம் அந்த திரெஷோல்டு. ஆங்கிலத்தில் வாசற்படி. வாசல் என்று பெயர்த்தால் கவிதையாகத்தான் இருக்கும். பிளஸ் டூ இயற்பியலில் பயன்தொடக்க அதிர்வெண் என்று படித்திருப்போம், அந்த வழியில் கேட்புத் தொடக்கம் போதும். ஆனால் பெரா காட்டுவது அலையின் தொடக்கம், அதிலிருந்து கேட்பின் தொடக்கத்தைக் கணிக்கிறார்கள். குழந்தை வளர்ந்து கையைத் தூக்கிக் காட்டும் அளவு அதிலிருந்து கொஞ்சம் தள்ளியும் இருக்கலாம்.