மாநில எல்லைகளைத் தாண்டிச் சேமிப்புக் கொள்கை: கூட்டமைப்புகள் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

அமெரிக்காவில் சட்டஹூச்சி ஆற்றின் ஒரு கரையில் ஜார்ஜியாவின் கொலம்பஸ் நகரமும், மறுகரையில் அலபாமாவின் பீனிக்ஸ் சிட்டியும் இருக்கின்றன. ஏழைக் குடும்பங்களுக்கு அரசு தரும், டானிஃப் எனப்படும் ரொக்க உதவிக்கு விண்ணப்பிக்கும் குடும்பத்தின் கையில் 1,000 டாலருக்கு மேல் சேமிப்பு இருந்தால் ஜார்ஜியாவில் தகுதி கிடையாது. பாலத்தைக் கடந்தால், அலபாமாவில் அந்த வரம்பே இல்லை. 1996இல் நிறைவேறிய நலத்திட்டச் சீர்திருத்தச் சட்டம் இந்த வரம்பைத் தீர்மானிக்கும் அதிகாரத்தை மாநிலங்களிடம் ஒப்படைத்ததன் விளைவு இது. அடுத்த ஆண்டே ஒஹாயோ வரம்பை நீக்கியது. பின்னர் வர்ஜீனியா, லூசியானா, இல்லினாய் உள்ளிட்ட சில மாநிலங்களும் நீக்கின.

வரம்பு உள்ள இடங்களில் அது என்ன செய்கிறது என்பதைக் களப்பணியில் இருப்பவர்கள் நன்கு அறிவார்கள். தகுதி மறுஆய்வுக்கு வங்கிக் கணக்கு அறிக்கையைக் கொண்டுவரும்படி கடிதம் வந்ததும், பழைய காரைப் பழுதுபார்க்கவோ வாடகை முன்பணத்துக்கோ சிறுகச் சிறுகச் சேர்த்த தொகையைக் குடும்பங்கள் வெளியே எடுத்துவிடுகின்றன. சிலர் கணக்கையே மூடிவிடுகின்றனர். சேமிப்பின் அவசியத்தைப் பற்றி ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்துவிட்டு, இந்த விதியையும் அவர்களுக்கு விளக்க வேண்டியிருப்பது எங்கள் தொழிலின் சங்கடங்களுள் ஒன்று.

மாதாந்திர உதவித்தொகை அன்றாடச் செலவைத்தான் தாங்கும், ஏழைக் குடும்பம் முன்னேறச் சொத்தும் வேண்டும் என்ற வாதத்தைச் சமூகப்பணிப் பேராசிரியர் மைக்கேல் ஷெராடன் 1991இல் விரிவாக முன்வைத்தார். அதையொட்டி 1998இல் இயற்றப்பட்ட கூட்டாட்சிச் சட்டம், வீடு, உயர்கல்வி, சிறுதொழில் ஆகியவற்றுக்காகச் சேமிப்போருக்கு, அவர்கள் சேர்ப்பதோடு அரசும் சேர்த்துப் போடும் இணைத்தொகை வழங்க நிதி அளித்தது. 2017 நிதியாண்டு முதல் அந்த நிதி நின்றுபோனதால், சேமிப்புக் கொள்கைக்கான முயற்சியின் பெரும்பகுதி மாநிலத் தலைநகரங்களுக்கு நகர்ந்துவிட்டது. ஒவ்வொரு மாநிலத்திலும் தனித்தனியே முதலிலிருந்து வாதாட நம்மிடம் ஆளும் இல்லை, பணமும் இல்லை.

இதற்காக வாதாடும் பல மாநில அமைப்புகள் ஒன்றுசேரும்போது, எல்லோருக்கும் பிடித்த கோரிக்கைகளையெல்லாம் அடுக்கி ஒரு கூட்டறிக்கை வெளியிடுவதே வழக்கமாக இருக்கிறது. அதனால் எந்தச் சட்டமும் மாறி நான் பார்த்ததில்லை. தொடக்கத்தில் சொன்ன சேமிப்பு வரம்பின் நீக்கம் ஒன்றையே முதல் கோரிக்கையாக வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. அதற்குப் புதிய திட்டமோ புதிய அலுவலகமோ தேவையில்லை. கணக்கு அறிக்கைகளைச் சரிபார்க்கும் ஊழியர்களின் வேலையும் குறைகிறது. ‘வரம்பை எடுத்துவிட்டால் பணக்காரர்கள் வரிசையில் நிற்பார்கள்’ என்று குழு விசாரணையில் ஒரு சட்டமன்ற உறுப்பினர் கேட்பது நிச்சயம். வருமான வரம்பு அப்படியே இருக்கிறது என்று நாம் சொல்வதைவிட, வரம்பை நீக்கிவிட்ட அண்டை மாநிலத்தின் நலத்துறை அதிகாரி வந்து தம் அலுவலக அனுபவத்தைச் சொன்னால் அதற்கு எடை அதிகம். அப்படிப்பட்ட அதிகாரியைக் கண்டுபிடித்து அழைத்து வருவதே எல்லை தாண்டிய கூட்டமைப்பு செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை.

கோரிக்கைக்கு அப்பால், நிர்வாகத்தையே பகிர்ந்துகொள்ளலாம் என்பதற்கு மாற்றுத்திறனாளிகளுக்கான ஏபிள் எனப்படும் சேமிப்புக் கணக்குகள் நல்ல சான்று. வருமானம் குறைந்த முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கூட்டாட்சி அரசு தரும் எஸ்.எஸ்.ஐ. உதவி பெறுபவர் வைத்திருக்கக்கூடிய தொகை 1989 முதல் 2,000 டாலராகவே நிற்கிறது. ஏபிள் கணக்கில் உள்ள 1,00,000 டாலர் வரை அந்த வரம்புக்குள் எண்ணப்படாது. 2014 டிசம்பரில் சட்டம் வந்தபோது, அவரவர் மாநிலத் திட்டத்தில்தான் சேரலாம் என்றிருந்தது. மக்கள்தொகை குறைந்த மாநிலத்தில் சில ஆயிரம் கணக்குகளுக்காக ஒரு திட்டத்தை நடத்தினால் கட்டணமே சேமிப்பைத் தின்றுவிடும். 2015 இறுதியில் அந்தக் கட்டுப்பாடு நீங்கியதும், அடுத்த ஆண்டே இல்லினாயின் முன்முயற்சியில் பல மாநிலங்கள் கூட்டாக ஒரே நிர்வாகியைத் தேர்ந்தெடுத்தன, கட்டணமும் குறைந்தது. ஓய்வுக்காலச் சேமிப்பில் கொலராடோவும் மெய்னும் இதே பாதையில் சென்றன; டெலவேரும் வெர்மான்டும் பின்னர் இணைந்தன.

நடைமுறைச் சிக்கல்களில் நாட்காட்டிக்கே முதலிடம். டெக்சாஸ், மொன்டானா, நெவாடா, வடக்கு டகோடா ஆகியவற்றின் சட்டமன்றங்கள் ஒற்றைப்படை ஆண்டுகளில் மட்டுமே வழக்கமான அமர்வு நடத்துகின்றன. டெக்சாஸில் அதுவும் 140 நாட்களுக்குள் முடிந்தாக வேண்டும். இரட்டைப்படை ஆண்டில் விழித்துக்கொண்டால், அங்கே செய்ய முடிந்தது நட்பு வளர்ப்பது மட்டுமே. (அதுவும் வீண் அல்ல.)

இரண்டாவது, பணம் எந்தப் பையிலிருந்து வருகிறது என்பது. வரிவிலக்குப் பெற்ற தொண்டு நிறுவனங்கள் ஒரு மசோதாவை ஆதரித்துச் சட்டமன்ற உறுப்பினர்களிடம் பேசச் சட்டம் அனுமதிக்கிறது, ஆனால் அளவு உண்டு. கூட்டாட்சி மானியப் பணத்தை அதற்குத் தொடவே கூடாது. அப்படிப் பேசுவோர் அரசிடம் பதிவு செய்வதற்கான விதிகளும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகின்றன. எனவே ஒரு மாநில அமைப்பின் ஊழியரை இன்னொரு மாநிலத்தின் விசாரணைக்கு அனுப்புவதற்கு முன், அவருடைய அன்றைய சம்பளமும் பயணச் செலவும் எந்தக் கணக்கில் எழுதப்படும், அங்கே அவர் பதிவு செய்ய வேண்டுமா என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது நல்லது. பயணச்சீட்டு வாங்கிய பிறகு வழக்கறிஞரிடம் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், போக வேண்டாம் என்பதுதான்.