தபால் பிரிவில் உட்கார வைக்கப்பட்டவர்

டிசம்பர் 3 நெருங்கினால் எனக்கு அழைப்புகள் வரத் தொடங்கும். அன்று உலக மாற்றுத்திறனாளிகள் நாள். அரசு அலுவலகங்களில் ஊழியர்களுக்கு விழிப்புணர்வுக் கூட்டம் நடத்துவார்கள். மேடையோரம் நின்று பேச்சைச் சைகை மொழியில் பெயர்ப்பது என் வேலை. ஓர் அலுவலகத்தில் தொடங்கிய ஐந்தாவது நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது, அரங்கில் காது கேளாதவர் ஒருவரும் இல்லை. நிறுத்தலாமா என்று கேட்டேன். “போட்டோவுக்கு நல்லா இருக்கும், தொடர்ந்து பண்ணுங்க” என்றார்கள். அங்கேயே வேலை பார்க்கும் காது கேளாத உதவியாளர் எங்கே என்றால், தபால் பிரிவைப் பார்த்துக்கொள்ள உட்கார வைத்திருந்தார்கள். அவருக்கு இதெல்லாம் புரியாதாம்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 47ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. ஊராட்சி உறுப்பினர் முதல் நிர்வாக அதிகாரி, காவல்துறை, நீதிபதி வரை எல்லோருடைய பயிற்சியிலும் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் கட்டாயம் இடம்பெற வேண்டும் என்கிறது. அதே சட்டம் அரசு வேலையில் தரும் 4 சதவீத ஒதுக்கீட்டில் 1 சதவீதம் செவித்திறன் குறைந்தவர்களுக்கு. ஆக, அவர்கள் மனுவோடு வருகிறவர்கள் மட்டுமல்ல, பக்கத்து மேசைக்காரர்களும்தான். கூட்டங்களில் இந்த இரண்டாவது விஷயத்தை யாரும் சொல்லி நான் பெயர்த்ததில்லை.

எனக்கு ஒரு மணி நேரம் கொடுத்தால் ஸ்லைடு போட மாட்டேன். குரல் வராமல் வாயை மட்டும் அசைத்து ‘பணம்’ என்பேன், அப்புறம் ‘மணம்’ என்பேன். எது முதலில் வந்தது என்று கேட்டால் அரங்கமே விழிக்கும். இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் அசையும். உதட்டைப் பார்த்தே எல்லாம் புரிந்துகொள்வார்கள் என்ற நம்பிக்கை அங்கேயே பாதி போய்விடும். அடர்த்தியான மீசை வைத்த அதிகாரி ஒருவர் இருந்தால் மீதியும் போய்விடும்.

“எழுதிக் காட்டினால் போதாதா?” என்று நிச்சயம் ஒருவர் கேட்பார். இடையில் கேட்கும் திறன் இழந்தவருக்குப் பெரும்பாலும் போதும். பிறவியிலேயே கேளாமல் சைகையில் வளர்ந்தவருக்குத் தமிழ் இரண்டாம் மொழி. இந்தியச் சைகை மொழிக்குத் தனி இலக்கணம் இருக்கிறது: ‘என்ன’, ‘எங்கே’ போன்ற கேள்விச் சொற்கள் வாக்கியத்தின் கடைசியில்தான் வரும், ஆமா இல்லையா என்று கேட்பதற்குப் புருவம் உயர்ந்தாலே போதும். ‘மேற்படி மனு நிலுவையில் உள்ளபடியால்’ என்று எழுதிக் கொடுத்தால் எனக்கே இரண்டு முறை படிக்க வேண்டியிருக்கிறது.

கவுன்டரில் நடக்கும் தவறுகள் பெரும்பாலும் சின்னவை. காது கேளாத பெண் தம்பியோடு வருவார். எழுத்தர் தம்பியைப் பார்த்து “அக்கா என்ன கேக்குறாங்க?” என்பார். அவரையே பார்த்துக் கேளுங்கள், பெயர்ப்பவர் பெயர்ப்பார். தனியாக வந்த ஒருவர் காலை பத்து மணியிலிருந்து வராந்தாவில் காத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். உள்ளே இருந்து பெயரை மூன்று முறை கூப்பிட்டு, ஆள் இல்லை என்று அடுத்த மனுவுக்குப் போயிருந்தார்கள். எழுந்து போய்த் தோளில் லேசாகத் தட்டலாம், கையசைக்கலாம், அறையில் இருந்தால் விளக்கை அணைத்துப் போடலாம். காது கேளாதோர் தங்களுக்குள் அப்படித்தான் அழைத்துக்கொள்கிறார்கள். அது மரியாதைக்குறைவு அல்ல. ‘ஊமை’ என்ற சொல்தான் மரியாதைக்குறைவு. அவர்களில் பெரும்பாலோருக்குக் குரல் நன்றாகவே இருக்கிறது என்பதால் அது தவறும்கூட.

அந்தக் கூட்டம் முடிந்ததும் தபால் பிரிவுக்குப் போனேன். அவர் உறைகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார். சைகையில் வணக்கம் சொன்னதும் முகம் மலர்ந்து ஒரே பேச்சு. அலுவலகத்தில் ஒவ்வொருவருக்கும் அவர் ஒரு சைகைப் பெயர் வைத்திருந்தார்: கன்னத்தில் குழி விழுபவர், பேனாவைக் காதில் செருகுபவர், எப்போதும் கடிகாரம் பார்ப்பவர். கண்காணிப்பாளருக்கு மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளும் சைகை.

வெளியே வரும்போது கண்காணிப்பாளரிடம், “சார், உங்களுக்கு இங்க இன்னொரு பேர் இருக்கு, தெரியுமா?” என்றேன். தெரியாது என்று கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டார்.