முதல் ஏர் பிஸ்டலும் சித்திரை வெயிலும்

பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வென்றதைப் பார்த்ததிலிருந்து தம் மகள் துப்பாக்கி சுடக் கற்றே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நிற்பதாகக் கோபிசெட்டிபாளையத்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். கடையில் காட்டிய கார்பன் டை ஆக்சைடு குப்பி பொருத்தும் பிஸ்டல் மலிவாக இருக்கிறது, அதையே வாங்கலாமா என்பது அவர் கேள்வி.

வெடிமருந்துக் கைத்துப்பாக்கிக்கு 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும் என்பதால், நம் பக்கத்தில் பொழுதுபோக்காகச் சுடத் தொடங்குவோருக்கு 4.5 மி.மீ. குழல் விட்டமுள்ள ஏர் பிஸ்டலே முதற்படி. அடைபட்ட வாயு விரிந்து, அரை கிராம் அளவேயுள்ள ஈயப் பெல்லட்டை, அதாவது சிறு குண்டை, குழல் வழியே தள்ளுகிறது என்பதே இதன் அடிப்படை. ஸ்பிரிங் வகையில் சுருள்வில் விடுபட்டுப் பிஸ்டனைத் தள்ளும்போது, பெல்லட் குழலை விட்டு வெளியேறுவதற்கு முன்பே கை குலுங்கிவிடும் என்பதால், குறிபார்த்துப் பழக அது ஏற்றதன்று.

குப்பி வகையின் இயற்பியல்தான் எனக்கு மிகவும் பிடித்தது. குப்பிக்குள் கார்பன் டை ஆக்சைடு ஒரு பகுதி திரவமாகவும் மீதி ஆவியாகவும் இருக்கிறது. ஒவ்வொரு முறை சுடும்போதும் சிறிது ஆவி வெளியேற, அதே அளவு திரவம் ஆவியாகி அந்த இடத்தை நிரப்பிவிடுகிறது. ஆகவே திரவம் ஒரு துளியேனும் எஞ்சியிருக்கும்வரை, அழுத்தத்தைத் தீர்மானிப்பது வாயுவின் அளவன்று, வெப்பநிலை மட்டுமே. சமையல் எரிவாயு உருளை தீரும் தறுவாய்வரை அடுப்பு ஒரே சீராக எரிவதும் இதனால்தான். 20 டிகிரி செல்சியஸில் குப்பியின் அழுத்தம் ஏறத்தாழ 57 பார் (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்); 30 டிகிரியில் அதுவே 72 பார். அடுத்தடுத்து வேகமாகச் சுட்டால், ஆவியாவதற்கான வெப்பத்தைத் திரவம் தன்னிடமிருந்தே எடுத்துக்கொள்வதால் குப்பி தொட்டால் சில்லிடும், அழுத்தமும் இறங்கும்.

இன்னொரு விந்தையும் உண்டு. ஏறத்தாழ 31 டிகிரியைக் கடந்தால் கார்பன் டை ஆக்சைடில் திரவம், ஆவி என்ற வேறுபாடே மறைந்துவிடும். இந்த மாறுநிலையை 1869இல் தாமஸ் ஆண்ட்ரூஸ் விளக்கினார். ஈரோட்டில் சித்திரை வெயில் 38 டிகிரியைத் தாண்டும்போது, தகரக் கூரையின் கீழ் இருக்கும் குப்பிக்குள் நிரப்பிக்கொடுக்கத் திரவமே இருப்பதில்லை. அப்போது ஒவ்வொரு குண்டுக்கும் அழுத்தம் படிப்படியாக இறங்கிக்கொண்டே வரும்.

இதனால் என்ன கெட்டுவிடும்? அழுத்தம் இறங்கி, பெல்லட்டின் வேகம் விநாடிக்கு 150 மீட்டரிலிருந்து 130 ஆகக் குறைந்தால், காற்றின் தடையைக் கணக்கில் கொள்ளாவிட்டாலும், 10 மீட்டர் தொலைவிலுள்ள இலக்கில் அது ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் கூடுதலாகத் தாழ்ந்து விழும். இலக்கின் நடுவிலுள்ள பத்துப் புள்ளி வளையத்தின் ஆரமே 5.75 மில்லிமீட்டர்தான். மார்கழிக் காலையில் சரிசெய்து வைத்த குறி சித்திரை மதியத்தில் பொருந்தாது. பிழை தன் கையிலா கருவியிலா என்று பிரித்தறியக் கற்றுக்குட்டியால் முடியாது.

ஆகவே என் பரிந்துரை, நெம்புகோலை ஒருமுறை இழுத்து மூடிக் காற்றை அழுத்தும் ஒற்றை வீச்சு வகை. ஒவ்வொரு குண்டுக்கும் புதிதாக ஒரே கன அளவு காற்று அடைபடுவதால் வேகம் சீராக இருக்கும். கையும் அவ்வளவாகக் குலுங்காது. பம்புசெட்டு தயாரிக்கும் கோவையில் இந்த எளிய பொறியை வடிவமைத்து மலிவாகத் தர ஒரு கல்லூரிக்கேனும் ஆய்வு நிதி ஒதுக்கலாகாதா என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. போட்டிகளில் பயன்படும், 200 பார் வரை காற்றை முன்கூட்டியே நிரப்பிவைக்கும் வகை இன்னும் சிறந்ததுதான்; ஆனால் விலையும் அதிகம், காற்று நிரப்பத் தனி ஏற்பாடும் வேண்டும். அதை இரண்டாவது பிஸ்டலாக வாங்கிக்கொள்ளலாம்.

ஆயுத பூஜையன்று பிஸ்டலுக்குப் பொட்டு வைப்பதை நான் தடுக்கவில்லை. சுடும்போது விரலால் இழுக்கும் விசைப் பொறிக்குள் (டிரிகர்) குங்குமத் தூள் போனால் அதன் மென்மை கெடும் என்பதால் பெட்டிக்கு வைத்தால் போதும்.

வாங்கும் முன் மகளையே நெம்புகோலை இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பதின்ம வயதுக் கைக்கு அது கடினமாக இருக்கலாம். பிடி அவள் உள்ளங்கையில் இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும். பன்னாட்டு விதிப்படி விசையை இழுக்கத் தேவைப்படும் பலம் 500 கிராமுக்குக் குறையக் கூடாது. பிஸ்டலின் எடை 1,500 கிராமைத் தாண்டக் கூடாது. நீட்டிய ஒற்றைக் கையில் அந்த எடையை அரை நிமிடம் ஆடாமல் தாங்க முடியாவிட்டால், இன்னும் இலேசானதை எடுத்துக்காட்டச் சொல்லலாம்.