திசை எங்கே போச்சு, தம்பி?

இராமநாதபுரத்துக்கு மாற்றல் வந்தால் 'தண்ணியில்லாக் காட்டுக்குத் தூக்கிட்டாங்க' என்று சொல்லும் வழக்கம் அரசு அலுவலகங்களில் இன்னும் இருக்கிறது. அந்தக் காட்டில் உட்கார்ந்துகொண்டுதான் திரவத்தைப் பற்றி எழுதுகிறேன். படித்தது இயற்பியல், பிழைப்பு இணையதளம் வடிவமைப்பது. இரண்டிலும் இந்தச் சொல் வரும். இரண்டாவதில் அதை நான் பாதிதான் புரிந்து வைத்திருந்தேன் என்பதைக் காட்டிக் கொடுத்தவர் பாம்பன் பக்கத்து நாட்டுப்படகுக்காரர் ஒருவர்.

அவர் ஊர்க்காரர்களுக்காக ஒரு சின்னத் தளம் செய்து கொடுத்திருந்தேன். ஐஸ் விலை, டீசல் விலை, அப்புறம் நாலு நாளைக்கான கடல் நிலவரம். நிலவரம் ஓர் அட்டவணையாக இருந்தது: நாள், அலை உயரம், காற்றின் வேகம், காற்றின் திசை. மடிக்கணினியில் பளிச்சென்று தெரிந்தது. கைப்பேசியில் நாலு கட்டமும் நெருக்கியடித்தன. கடைசிக் கட்டத்தைச் சின்னத் திரையில் காட்டாதே என்று ஒரே ஒரு வரி எழுதி மறைத்துவிட்டேன். இடம் கிடைத்தது, பார்க்கவும் லட்சணமாக இருந்தது.

மூன்றாம் நாள் போன் வந்தது. "தம்பி, காத்து இருபத்தெட்டுன்னு போட்டிருக்கு. எந்தப் பக்கத்துக் காத்துன்னு போடலையே?"

"போட்டிருக்கேன் அண்ணே, கடைசியில பாருங்க."

"கடைசியில ஒண்ணுமில்ல. வேகத்தோட முடிஞ்சிருச்சு. திசை தெரியாம வேகத்த மட்டும் வச்சு நான் என்ன பண்றது?"

பாம்பன்காரருக்கு அது எவ்வளவு பெரிய கேள்வி என்பது கரையில் நின்று பார்த்தால்தான் விளங்கும். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வாடை அடித்தால் வடகடல் பொங்கும், தென்கடல் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் அடித்தால் நேர்மாறு. அதே 28 கிலோமீட்டர் காற்றுக்கு ஒரு கரையில் வல்லத்தைத் தள்ளலாம், இன்னொரு கரையில் வலையைக் காய வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். அவர் கணக்கில் திசை தெரிந்தால்தான் வேகத்துக்கே அர்த்தம். அதைத்தான் நான் மறைத்திருந்தேன்.

எங்கள் தொழிலில் 'லிக்விட் லேஅவுட்', அதாவது திரவ அமைப்பு, என்று ஒரு பேச்சு உண்டு. பக்கத்தின் அகலத்தை இத்தனை பிக்சல் (திரைப் புள்ளி) என்று அடித்து நிறுத்தாமல், திரையில் இத்தனை சதவீதம் என்று விடுவது. ஒரு காலத்தில் 960 பிக்சல் அகலம்தான் வேதவாக்கு. 2007-ல் ஐபோன் வந்தபோது, பக்கம் தன் அகலத்தைச் சொல்லாவிட்டால் அது 980 பிக்சல் என்று வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் எறும்பு அளவுக்குச் சுருக்கிக் காட்டியது. 2010 மே மாதம் ஈத்தன் மார்கோட் என்ற வடிவமைப்பாளர் மூன்று விஷயங்களைச் சேர்த்து ஒரு வழி சொன்னார்: சதவீதத்தில் கட்டங்கள், சுருங்கி விரியும் படங்கள், திரையின் அளவைப் பார்த்து மாறும் விதிகள். இன்றைக்கு எல்லாத் தளமும் ஏறக்குறைய அந்த வழியில்தான் போகிறது. வில்லங்கம் மூன்றாவதில். திரை சிறிதானால் இப்படி அடுக்கு என்று சொல்ல வந்த அந்த விதியிலேயே, திரை சிறிதானால் இதை மறை என்றும் எழுதலாம். என்னைப் போன்றவர்கள் அதைத்தான் எழுதுகிறோம்.

'லிக்விட்' என்றதும் எங்களுக்கு ஞாபகம் வருவது பாதி இலக்கணம்தான்: பாத்திரத்தின் வடிவத்தை எடுத்துக்கொள்ளும். பள்ளிப் புத்தகத்தில் அடுத்த பாதியும் இருக்கிறது: கன அளவு மாறாது. தண்ணீரின் கன அளவில் 1 சதவீதம் குறைய வேண்டுமென்றால் ஏறத்தாழ 220 வளிமண்டல அழுத்தம் வேண்டும். கடலில் இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே போனால்தான் அந்த அழுத்தம் கிடைக்கும். தள்ளுவண்டியில் குடம் அடுக்கி மூன்று தெரு தள்ளிக்கொண்டு வரும் எங்கள் ஊர் அக்காக்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம். அண்டாவில் ஊற்றினாலும் குடத்தில் ஊற்றினாலும் சொட்டுக் குறையக் கூடாது.

எழுத்தும் அப்படித்தான். 900 பிக்சல் அகலத்தில் 20 வரி ஓடும் செய்தி, 300 பிக்சலில் சுமார் 60 வரி ஆகும். அகலம் போனது, உயரம் வந்தது, அளவு அதேதான். திரை சிறிதானதும் விஷயமே காணாமல் போகிறதென்றால் அதற்குப் பெயர் திரவம் இல்லை, ஆவியாகிவிட்டது என்று அர்த்தம்.

எல்லோருக்கும் எட்டும்படி தளம் செய்யச் சொல்லும் இணைய அணுகல் வழிகாட்டியின் 2018-ல் வந்த 2.1 பதிப்பும் இதையே விதியாக வைத்திருக்கிறது. 320 பிக்சல் அகலத்திலும் எந்தத் தகவலும் விடுபடக் கூடாது, ஒரு வரியைப் படிக்கப் பக்கவாட்டில் இழுக்க வைக்கவும் கூடாது. ஆனால் வரைபடம், அட்டவணை போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. பக்கவாட்டில் விரிந்திருந்தால்தான் அவற்றுக்குப் பொருள்.

அந்த விலக்கைப் படித்தபோது எனக்கு நினைவு வந்தது எங்கள் கடற்கரைப் பாசி. விரலில் துணி சுற்றிக்கொண்டு மன்னார் வளைகுடாத் தீவுகளை ஒட்டி மூழ்கி, பெண்கள் மரிக்கொழுந்துப் பாசி பறிப்பார்கள். அதிலிருந்து அகார் என்ற உறைபொருளை எடுக்கிறார்கள். கிருமி ஆராய்ச்சியில் அகாருக்கு ஒரு பெரிய கதை உண்டு. நீர்க் கரைசலில் கிருமிகளை வளர்த்தால் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும், எது எது என்று பிரித்தறிய முடியாது. ஜெர்மன் கிருமி ஆய்வாளர் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் ஜெலட்டினை உறைய வைத்துப் பார்த்தார்கள். 37 டிகிரி சூட்டில் அது இளகியது, போதாததற்குச் சில கிருமிகள் அதையே தின்றன. 1881-ல் அங்கே வேலை பார்த்த வால்தர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி, தன் சமையலறையில் பழக்கூழை உறைய வைக்கப் போடும் அகாரைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். 85 டிகிரிக்கு மேல் உருகும், ஆறி 40-க்குப் பக்கத்தில் வரும்போதுதான் உறையும். 100 மில்லி தண்ணீருக்கு ஒன்றரை கிராம் போதும். கிட்டத்தட்ட முழுவதும் தண்ணீர்தான், ஆனாலும் ஒவ்வொரு கிருமிக் கூட்டமும் தான் விழுந்த இடத்திலேயே நிற்கும். பெயர் என்னவோ கோக்குக்கும், கிருமி வளர்க்கும் கண்ணாடித் தட்டுக்குத் தன் பெயரைக் கொடுத்த பெட்ரிக்கும்தான் வந்தது. அது போகட்டும்.

ஒரு பக்கத்தில் ஓட வேண்டியது எது, உறைந்து நிற்க வேண்டியது எது என்று முதலில் பிரிக்க வேண்டும். செய்தியும் விளக்கமும் ஓடட்டும். '28' என்ற எண் 'கி.மீ.' என்ற அலகை விட்டு ஓடக் கூடாது. வரிக் கடைசியில் 28 நின்று, கி.மீ. அடுத்த வரிக்கு விழுந்து நான் எத்தனையோ தளங்களில் பார்த்திருக்கிறேன். அதைத் தடுக்க, உடையாத இடைவெளி என்று ஒரு குறி இருக்கிறது. பார்வைக்குச் சாதாரண இடைவெளிதான், ஆனால் இரண்டு சொல்லையும் பிரிய விடாது. தமிழில் இன்னொரு தொல்லை, சொற்கள் நீளம். சின்னத் திரையில் வரிகளை இரண்டு ஓரமும் சமமாக நிற்க வைத்தால், வரிக்கு இரண்டே சொல் விழுந்து நடுவில் கோடைக் கண்மாய் மாதிரி வெடிப்பு விடும். இடது ஓரம் மட்டும் நேராக இருந்தால் போதும்.

காசு கொடுத்துத் தளம் செய்து வாங்குகிறவர்கள் வடிவமைப்பாளரின் கணினியில் பார்த்துத் தலையாட்டிவிட்டு வராதீர்கள். வீட்டில் இருப்பதிலேயே மலிவான கைப்பேசியை எடுத்து வெயிலில் நின்று திறந்து பாருங்கள். கைப்பேசியின் செட்டிங்ஸில் போய் எழுத்தைப் பெரிதாக்கிவிட்டு மறுபடி பாருங்கள். கணினியில் எத்தனை தகவல் இருந்தது, இதில் எத்தனை இருக்கிறது என்று விரல் விட்டு எண்ணுங்கள். குறைந்தால், சின்னத் திரையில் எதையெல்லாம் மறைத்திருக்கிறீர்கள் என்று நேராகக் கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்கிறவர் அநேகமாக மறைத்திருக்கிறார்.

கைப்பேசித் திரைகள் பலவற்றுக்குள்ளேயே திரவப் படிகம் இருக்கிறது. 1888-ல் ரைனிட்சர் என்ற ஆஸ்திரியத் தாவரவியலாளர் கேரட் கொலஸ்ட்ராலில் இருந்து செய்த ஒரு பொருளைச் சூடாக்கியபோது, அது 145.5 டிகிரியில் கலங்கலாக உருகி 178.5-ல் தெளிந்தது. நடுவில் இருந்த அந்த நிலையில் மூலக்கூறுகள் ஓடும், ஆனால் திசையை விடாது. அப்படிப்பட்ட திரையில்தான் திசை இல்லாத காற்றைக் காட்டியிருக்கிறேன்.

பக்கவாட்டில் இழுத்துப் பார்க்கும்படி அட்டவணையை அப்படியே விட்டிருக்கலாம். விதி அதை அனுமதிக்கிறது. ஆனால் ஈரக் கையோடு, ஆடும் படகில், வலப்பக்கம் இன்னொரு கட்டம் ஒளிந்திருக்கிறது என்று யாருக்குத் தோன்றும்? அட்டவணையைக் கலைத்து, நாளுக்கு ஒரு பெட்டியாக அடுக்கினேன். வேகத்தையும் திசையையும் உடையாத இடைவெளியால் கட்டினேன். '28 கி.மீ. வடகிழக்கு.' எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக வைத்திருந்ததால் அது பெட்டிக்கு வெளியே துருத்திக்கொண்டு நின்றது. எழுத்தைக் குறைக்கலாமா என்று யோசித்துக்கொண்டே அவருக்கு அனுப்பிக் காட்டினேன்.

"வடகிழக்குன்னு எதுக்கு தம்பி நீட்டி முழக்குற? வாடைன்னு போடு."

போட்டேன். ஒரே வரியில் அடங்கிவிட்டது.